ஒரே அளவு காலணியில் ஓட்டப்பந்தயம்

பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ செல்லவிருக்கும் இளையர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "அண்ணா, இன்டெல் சில்லா, ஆப்பிள் சில்லா, எது வேகம்?" கடையில் ஒரு வரைபடம் காட்டுகிறார்கள். யூடியூபில் இன்னொன்று. இரண்டிலும் வெற்றி வேறுவேறு சில்லுக்கு. செலவாகப்போவதோ பெற்றோர் சேமித்த ஆயிரம், இரண்டாயிரம் வெள்ளி.

இந்தச் சண்டை புதிதல்ல. 2003 ஜூனில் ஆப்பிள் நிறுவனம், ஐபிஎம் தயாரித்த சில்லுடன் பவர் மேக் ஜி5 கணினியை அறிமுகம் செய்து, அதுவே உலகின் ஆக வேகமான தனிநபர் கணினி என்றது. ஆதாரமாக ஸ்பெக் என்ற சோதனையின் மதிப்பெண்களைக் காட்டியது. நிரலைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். ஜி5, இன்டெல் இரண்டுக்கும் ஜிசிசி என்ற ஒரே கம்பைலரைப் பயன்படுத்தியதால் போட்டி நியாயமானது என்பது ஆப்பிளின் வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா ஓட்டக்காரர்களுக்கும் ஒரே அளவு காலணி கொடுத்தால் அது நியாயமா? இன்டெல் தன் சில்லுக்கென்றே எழுதிய கம்பைலரில் அதே பென்டியம் 4 கணிசமாகக் கூடுதல் மதிப்பெண் எடுத்தது. அது போகட்டும், ஆப்பிள் வெளியிட்ட அட்டவணையிலேயே ஒற்றைச் சில்லு முழு எண் கணக்கில் பென்டியம்தான் முந்தியது; தசம எண் கணக்கில் ஜி5. விளம்பரத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. பிரிட்டனின் தொலைக்காட்சி ஆணையம் அந்த விளம்பரத்தை மீண்டும் ஒளிபரப்பக் கூடாது என அந்த ஆண்டே உத்தரவிட்டது. 2005இல் ஆப்பிள் இன்டெல் சில்லுக்கே மாறுவதாக அறிவித்தது தனிக் கதை.

அப்படியானால் அவரவர் கம்பைலரை அவரவர் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிடலாமா? அதிலும் சிக்கல் உண்டு. 2024இல் ஸ்பெக் அமைப்பு, இன்டெல் சில்லுகளின் 2,600க்கும் மேற்பட்ட முடிவுகளைச் செல்லாதவை எனக் குறித்தது. சோதனையில் வரும் ஒரு நிரலை முன்கூட்டியே அறிந்து, அதற்கென்றே இன்டெல்லின் கம்பைலர் குறுக்குவழி வைத்திருந்தது என்பது காரணம். வினாத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இரண்டில் எனக்குப் பிடித்தது இரண்டாவது வழியே, ஒரு நிபந்தனையோடு: சோதிக்கும் நிரல் நாம் அன்றாடம் பயன்படுத்துவதாக இருக்க வேண்டும். கணினியியல் மாணவருக்கு அது தன் சொந்த நிரல். காணொளி தயாரிப்பவருக்கு முழுப் பத்து நிமிடக் காணொளி. ஓரிரு நிமிடச் சோதனை எனக்குப் போதாது. மேக்புக் ஏர் போன்ற விசிறியில்லா மடிக்கணினி எம்1 சில்லோடு தொடக்கத்தில் பறக்கும். நீண்ட நேரக் கடும் வேலையில் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சில மடிக்கணினிகள் மின்கம்பியைப் பிடுங்கியதும் மெதுவாகிவிடும். வரைபடம் எடுக்கப்பட்டபோது கம்பி செருகியிருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

பொறியியல் மாணவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இப்போது விண்டோஸ் மடிக்கணினிகளிலும் ஏஆர்எம் சில்லுகள் வருகின்றன. இன்டெல் வகைச் சில்லுக்கு எழுதிய பழைய மென்பொருள் அவற்றில் மொழிபெயர்ப்பு வழியாகவே ஓடும். சில ஓடவே ஓடாது. உங்கள் துறை கேட்கும் வடிவமைப்பு மென்பொருளுக்கு ஏஆர்எம் பதிப்பு உண்டா என்று மூத்த மாணவர் ஒருவரிடம் முதலில் கேளுங்கள். கடைக்குப் போவது அதற்கு அப்புறம்.