பீடி குடிப்பவருக்கு யார் வழிகாட்டுவது?

சிகரெட்டைவிட இ-சிகரெட் கெடுதல் குறைந்ததா என்று கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே புகைக்கிறவருக்கு அது குறைந்த கெடுதல்தான். புகையிலை எரியும்போதுதான் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. இ-சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை, நிகோடின் கலந்த திரவத்தை ஓர் உலோகச் சுருள் சூடாக்கி ஆவியாக்குகிறது. இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு 2015இல் அதை 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்று மதிப்பிட்டது. அந்தக் கணக்கின் அடிப்படை பலவீனமானது என்ற கண்டனம் நியாயமே என்றாலும், எது அதிகக் கெடுதல் என்பதில் பெரிய சந்தேகமில்லை. அமெரிக்காவில் 2019-20இல் இ-சிகரெட் பிடித்த சுமார் 2,800 பேர் நுரையீரல் பாதிப்புக்கு ஆளானதை இங்கே பலர் தடைக்கு ஆதாரமாகக் காட்டினார்கள். அதற்கு முக்கியக் காரணம் கள்ளச்சந்தைக் கஞ்சாத் திரவங்களில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் என்பது பின்னர் தெரியவந்தது. தவறான காரணத்தைச் சொல்லித் தடையைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

தமிழ்நாடு 2018இலும், மத்திய அரசு 2019இலும் கொண்டுவந்த தடையை நாம் ஆதரிப்பது வேறு காரணத்துக்காக. கெடுதல் குறைவு என்பது புகைக்கிறவர் அதற்கு மாறினால்தான் பலன் தரும். இங்கே புகைக்கிறவர் யார்? 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெரியவர்களில் பீடி குடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம். மெல்லும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களோ 21.4 சதவீதம். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலையில்) ரசாயன நெடியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வெளியே வந்து பீடி பற்றவைக்கும் தொழிலாளி, மின்னேற்றம் செய்து திரவம் நிரப்பும் கருவிக்குத் தன் கூலியைச் செலவிடப் போவதில்லை. ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்கிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு வீடுகளில் மடியில் முறத்தை வைத்து, இலையைக் கத்தரித்து, தூளை நிரப்பிச் சுருட்டி நூல் கட்டும் பெண்களின் மூச்சில் ஏறும் புகையிலைத் தூசும் இ-சிகரெட் வந்தால் குறையாது.

பிறகு யார் கைக்குப் போகும்? மாம்பழ மணமும் புதினா மணமுமாய், பென் டிரைவ் போலச் சட்டைப் பையில் அடங்கும் அது, ஏலகிரிக்கு விடுமுறையில் மலையேறி வரும் கல்லூரி மாணவரைத்தான் முதலில் ஈர்க்கும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் 2019இல் இதைப் பயன்படுத்தினார்கள். புகைப்பதைக் கைவிட இ-சிகரெட்டைப் பரிந்துரைக்கும் இங்கிலாந்தே, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை 2025 ஜூன் முதல் தடை செய்துவிட்டது. அங்கு 2019இல் வெளியான ஆய்வில், இ-சிகரெட் பெற்றவர்களில் 18 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் புகைப்பதை விட்டிருந்தார்கள். நிகோடின் பட்டை, மெல்லுமிட்டாய் போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9 சதவீதமே. நல்ல பலன்தான். ஆனால் அந்த 18 சதவீதத்தில் ஐந்தில் நான்கு பேர் இ-சிகரெட்டை விடவில்லை. அது மட்டுமல்ல, அவர்களுக்கு வாரந்தோறும் நேரில் ஆலோசனை கிடைத்தது, நிகோடின் அளவுக்குச் சட்ட வரம்பு இருந்தது. அந்த ஏற்பாடு எதுவும் நம் பெட்டிக்கடையில் இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி ஒன்று உண்டு. கொல்லும் பீடியை மூலைக்கு மூலை விற்க விட்டு, கெடுதல் குறைந்ததை மட்டும் தடுப்பது என்ன நியாயம்? நியாயமில்லைதான். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பீடி மீதான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவெடுத்தது வெட்கக்கேடு. ஆனால் இந்த முரண்பாட்டைப் பீடியின் பக்கம்தான் திருத்த வேண்டும். இன்னொரு போதைக்குக் கடை திறந்து அல்ல. வரியை உயர்த்தினால் சுற்றும் பெண்களின் பிழைப்பு போகும் என்கிறார்கள். அப்படியானால் அந்த வரிப் பணம் அவர்களுக்கே வரட்டும். ஆம்பூர்க் காலணி ஆலைகளில் ஏராளமான பெண்கள் வேலை பார்க்கும் வட்டாரம் இது, மாற்றுத் தொழிலுக்குப் பயிற்சி தர முடியாதா? தடை கள்ளச்சந்தையை வளர்க்கும் என்பதும் உண்மை. சட்டம் தண்டிப்பது உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், பதுக்கல் ஆகியவற்றை. பதுக்கல் தவிர மற்றவற்றில் முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை உண்டு. காவல் துறை இணையத்தில் விற்கிறவரைத் தேடட்டும். மாணவனின் பையைத் துழாவி வழக்குப் போட வேண்டாம்.

தடை போட்ட அரசுக்கு ஒரு கடனும் இருக்கிறது. நிகோடின் மாற்று மருந்து 2022 முதல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் அரசு மருத்துவமனைகளிலும் ஏலகிரி மலை மக்கள் போகும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், கேட்பவருக்கெல்லாம் அது இலவசமாக, ஆலோசனையோடு கிடைக்க வேண்டும். தோல் ஷாப் வாசலில் மாதம் ஒருமுறை முகாம் நடத்த மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும். இன்றே விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். சட்டப்படி பீடிக் கட்டிலேயே அச்சிடப்படும் எண் அது.