சயாம் ரயில்பாதையும் நம் ஆட்களும்

உலகப் போர் என்று பேச்செடுத்தால் நம்மவர்களுக்கு நார்மண்டியும் ஸ்டாலின்கிராடும் நாக்கு நுனியில் நிற்கின்றன. எந்த டாங்கி எத்தனை டன் என்றுகூடச் சொல்வார்கள். பர்மா போர்முனை என்றால் இம்பால், கோஹிமா, நேதாஜி. அதோடு சரி. அந்தப் போர்முனைக்கு ஜப்பான்காரன் எந்த வழியாகத் தளவாடம் அனுப்பினான், அந்த வழியைப் போட்டது யார் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுவிடும்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. ஜூனில் மிட்வேயில் அடிவாங்கிய ஜப்பானுக்கு ரங்கூன் போகும் கடல்வழியில் நம்பிக்கை இல்லை. சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், மலையையும் காட்டையும் வெட்டித் தண்டவாளம் போட்டு, 1943 அக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்த போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர். இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியக் கூலிகளோ ஏறக்குறைய இரண்டு லட்சம். அவர்களில் இறந்தவர்கள் 90,000 இருக்கும் என்கிறார்கள். சரியான கணக்கு எவரிடமும் இல்லை. அதில் பெருந்தொகை மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் ஜில்லாக்காரர்களும் அதில் அடக்கம். கூலி தருகிறோம், சில மாதத்தில் திரும்பலாம் என்று ஆசைகாட்டினார்கள். பிறகு பிடித்தே லாரியில் ஏற்றினார்கள். மழைக்காலத்தில் வாந்திபேதி வாரிக்கொண்டு போனது.

காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன் நான். மார்ன், வெர்தன் எல்லாம் தேதியோடு ஒப்பித்திருக்கிறேன். பியேர் பூல் 1952இல் எழுதிய க்வாய் நதிப் பால நாவலையும் மூலத்திலேயே படித்தேன். கதை ஓர் ஆங்கிலேயக் கர்னலின் வீம்பைச் சுற்றி ஓடுகிறது. பூல் போருக்கு முன் மலேயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பொழுது விடிந்தால் தமிழ் முகத்தில் விழிக்காமல் இருந்திருக்க முடியுமா? 1957இல் அதைப் படமாக எடுத்து ஏழு ஆஸ்கர் வாங்கினார்கள். உலகம் அந்தப் பாலத்தை வெள்ளைக்காரன் கட்டியதாகவே நினைத்துக்கொண்டது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை இங்கே எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

“அவர்கள் சிப்பாய்கள் இல்லையே, கூலிகள்தானே” என்று ஒரு நண்பர் சொன்னார். கைதிகள் மட்டும் அங்கே துப்பாக்கியா பிடித்தார்கள்? அவர்களும் மண் சுமந்துதான் செத்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் கல்லறை இருக்கிறது, புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். 1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16ஆம் ஷரத்து, கைதிகளாகத் துன்பப்பட்ட சிப்பாய்களுக்குப் பணமும் ஒதுக்கியது. கூலிக்கு அந்த ஷரத்தில் இடமில்லை. புதுச்சேரி கடற்கரையில் பிரான்சுக்காக மாண்டவர்களின் நினைவுச் சின்னத்துக்கு ஜூலை 14 அன்று விளக்குப் போடுகிறார்களே, நல்ல காரியம். நாகப்பட்டினம் துறைமுகத்தில் நம் அரசு ஒரு கல்லாவது நடட்டும் என்கிறேன். மலேசியத் தமிழர்கள் தாங்களே முயன்று காஞ்சனபுரியில் நடுகல் வைத்துவிட்டார்கள். அனுப்பி வைத்த ஊர் நாம்.

பெயருக்கு எங்கே போவது என்பார்கள். வருவாய்த் துறையில் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன். தாத்தா பெயரில் பட்டா, ஆள் மலேயா போனவர், சண்டைக்குப் பிறகு கடிதம் இல்லை, இறப்புச் சான்றும் இல்லை. இப்படி வந்த வாரிசு மனுக்கள் என் மேஜையில் கொஞ்சநஞ்சமல்ல. ஏழாண்டு தகவல் இல்லை என்று சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவைக் காட்டிக் கோர்ட்டுக்கு அனுப்புவோம். அந்தக் கட்டுகளை இன்னும் கரையான் தின்றிருக்காவிட்டால், பட்டியலை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.