பிளேட் போடுமுன்

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் 1586-இலேயே ‘அடியார் வரலாறு’ அச்சானதாக ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். அதற்கும் முன்பு, 1578-இல், அண்ட்ரிக் அடிகளார் கொல்லத்தில் 16 பக்கத் ‘தம்பிரான் வணக்க’த்தை அச்சிட்டிருந்தார். அவ்வளவு பழைய அச்சுத் தொடர்புள்ள நெல்லைச் சீமையில், டிடிபி (கணினியில் பக்கம் அமைப்பது) என்றால் வேகமாகத் தட்டச்சு செய்வது என்றே இன்று பலரும் நினைக்கிறார்கள். தட்டச்சு அதில் பாதிகூட இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோடு வரியைப் பழைய எழுத்துருவில் ஓடும் பேஜ்மேக்கரில் ஒட்டினால் எழுத்து எழுத்தாக நிற்காது. அங்கே ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. யூனிகோடிலோ ககரத்துக்குப் பிறகுதான் உயிர்க்குறி. மாற்றித் தரும் மென்பொருள் சறுக்கினால் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரே மாறிவிடும். (சம்பந்தி வீட்டுக்கு யார் பதில் சொல்வது?) திரையில் பளபளத்த பச்சை, அச்சின் நான்கு மையில் மங்கும். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடாவிட்டால், வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பொத்தான்களை மட்டும் காட்டும் பயிற்சி வகுப்புக்குக் கட்டுகிற பணம் தண்டம். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பவர்களே, செல்போனில் பார்த்து ‘ஓகே’ சொல்லாதீர்கள். தாளில் புரூஃப் கேட்டு வாங்கி, அச்சுக்குப் பிளேட் போடுமுன் வீட்டில் இன்னொருவரையும் வாசிக்கச் சொல்லுங்கள்.