சத்தம் போட்டாத்தான் வண்டியா?

இதை எழுதினா எங்க ஊர்ப் பசங்க நாலு பேரு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போவாங்க. போகட்டும். சொல்ல வேண்டியதை யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்.

கொஞ்ச நாளா நம்ம பக்கத்துக் கிராமங்கள்ல ஒரு வியாதி பரவிக்கிட்டு இருக்கு. கம்பெனிக்காரன் மாட்டிக் கொடுத்த சைலன்சரைக் கழட்டி மூலையில போட்டுடறாங்க. ஆன்லைன்ல வாங்கின ஒரு குழாயை, செல்போன்ல வீடியோ பார்த்துக்கிட்டே, வீட்டு வாசல்ல வெச்சு மாட்டிடறாங்க. முன்னெல்லாம் இது பைக்கோட நின்னுச்சு. இப்போ பழைய கார் வாங்கின பசங்களும் ஆரம்பிச்சுட்டாங்க. ராத்திரி பத்தரை மணிக்கு மெயின் ரோட்டுல இருந்து ஊருக்குள்ள திரும்பினாங்கன்னா, கடைசித் தெரு வரைக்கும் ஜன்னல் அதிருது.

கேட்டா ஒரே பதில்தான். "என் வண்டி, என் காசு, என் வாசல். உங்களுக்கு என்னங்க?"

சரி கண்ணு, வண்டி உன்னுது. காசும் உன்னுது, வாசலும் உன்னுது. சத்தம் உன் வாசலோட நின்னுக்குதா? என் கிணத்துத் தண்ணி என்னுதுதான். அதுக்காக வாய்க்காலை உடைச்சு உன் மஞ்சக்காட்டுல விட்டுட்டு, "என் தண்ணி, உனக்கென்ன"ன்னு நான் கேட்டா உங்க அப்பன் சும்மா இருப்பாரா? மம்முட்டியோட வந்து நிப்பாரு. வரப்புன்னு ஒண்ணு எதுக்குப் போட்டிருக்கோம்? தண்ணிக்கு இருக்கிற நியாயம்தான் சத்தத்துக்கும்.

சைலன்சர்னா என்னமோ வெறும் தகர டப்பான்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. எஞ்சின்ல ஒவ்வொரு தடவை பெட்ரோல் வெடிக்கும்போதும் காத்து பலமா அடிச்சுக்கிட்டு வெளிய வருது. டப்பாக்குள்ள அறை அறையாத் தடுத்து, ஓட்டை போட்ட குழாய் வெச்சு, சத்தத்தோடயே சத்தத்தை மோதவிட்டு அடக்கி அனுப்பறாங்க. அந்த வேலைக்கு எத்தனை பேரு உக்காந்து கணக்குப் போட்டிருப்பாங்க! அதைக் கழட்டிட்டு நேர்க்குழாய் மாட்டறது, மதகைப் பேத்து எறிஞ்சுட்டு "பாரு, தண்ணி எவ்வளவு வேகமா போகுது"ன்னு கை தட்டற மாதிரி.

"பிக்கப் கூடும் மாமா"ன்னு ஒரு கதை. ரேஸ் வண்டியில எஞ்சின், பெட்ரோல் அளவு, காத்து அளவு எல்லாத்தையும் சேர்த்து மாத்துவாங்க. அங்க கொஞ்சம் பலன் இருக்கும். பின்னாடி இருக்கிற டப்பாவை மட்டும் மாத்தினா கூடறது சத்தம்தான். சத்தம் கூடினா வேகம் கூடின மாதிரி மனசுக்குத் தோணுது, அவ்வளவுதான். கார்புரேட்டர் வண்டியில, பெட்ரோல் அளவைச் சரி பண்ணாம குழாயை மட்டும் மாத்தினா, பெட்ரோல் குறைஞ்சு காத்து அதிகமாயி எஞ்சின் சூடேறும், படபடன்னு வெடிக்கும். அந்த வெடியைப் பெருமைன்னு நினைக்கிறாங்க. எஞ்சின் அழுகுது கண்ணு, அது பாட்டு இல்ல.

புகைக் கணக்கு ஒண்ணும் இருக்கு. 2020 ஏப்ரல் 1-ல இருந்து விக்கிற பிஎஸ் 6 வண்டிகள்ல விஷப்புகையைக் குறைக்க ஒரு கன்வர்ட்டர் இருக்கும். பல பைக்ல அது சைலன்சர் குழாய்க்குள்ளேயே இருக்கு. முழுசாக் கழட்டினா அதுவும் போச்சு. அப்புறம் கார்பன் மோனாக்சைடு நேரா வீதிக்குத்தான் வரும்.

இனி மாட்டு விஷயம். பால் பீச்சறவங்களுக்கு இது தெரியும், வண்டி ஓட்டற பசங்களுக்குத் தெரியாது. மடியைத் தொட்டுக் கழுவினதும் மாட்டு உடம்புல ஆக்ஸிடோசின்னு ஒரு சுரப்பு வந்து பால் இறங்குது. அது சில நிமிஷம்தான் நிக்கும். அந்த நேரத்துல திடீர்னு ஒரு வெடிச்சத்தம் கேட்டா மாடு மிரளும். பயத்துல வர்ற வேற சுரப்பு அதைத் தடுத்துடும், மாடு பாலை அடக்கிக்கும். சொசைட்டி வண்டி காத்திருக்காது. அடக்கின பாலுக்கு யாரு காசு கொடுப்பாங்க? சைலன்சர் கடைக்காரனா? கோழி வளர்க்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. சத்தத்துக்கு மிரண்டு ஒரே மூலையில போயி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கிச் சாகும். பச்சைக் குழந்தை இருக்கிற வீடு, பெருசுக படுத்த படுக்கையாக் கிடக்கிற வீடு பத்தி நான் தனியாச் சொல்லணுமா?

சட்டமும் சும்மா இல்ல. 2000-த்துல வந்த ஒலி மாசு விதிப்படி, குடியிருக்கிற பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் 45. டெசிபல் கணக்கு நம்ம கூட்டல் கணக்கு மாதிரி இல்ல. பத்து டெசிபல் கூடினா ஒலியோட சக்தி பத்து மடங்கு. இருபது கூடினா நூறு மடங்கு. வண்டியைக் கம்பெனி அமைப்புல இருந்து இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. 2019-ல சட்டத்தைத் திருத்தின பிறகு, ஒலி, புகை விதியை மீறி ஓட்டினா பத்தாயிரம் ரூபா வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயில், லைசென்ஸும் மூணு மாசம் முடங்கும். வண்டியை மாத்தினதுக்குத் தனியா, ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா. ஒரு குழாய்க்கு இவ்வளவு செலவா?

ஆனா எனக்கு ஒரு கோபம் இருக்கு. பல ஊர்ல போலீஸ்காரங்க பிடிச்ச சைலன்சரை வரிசையா அடுக்கி ரோடு ரோலர் விட்டு நசுக்கறதை டிவியில காட்டறாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு. வித்த கடை மறுநாளும் திறந்துதான் இருக்கு. 'ரேஸ் மைதானத்துக்கு மட்டும்'னு பொடி எழுத்துல போட்டுட்டு, கிராமத்துப் பையனுக்கு வீட்டு வாசல்லயே கொண்டாந்து கொடுக்கறாங்க. எங்க ஊர்ல எந்த ரேஸ் மைதானம் இருக்கு? களத்துமேடுதான் இருக்கு. விக்கிறதை விட்டுட்டு மாட்டினவனை மட்டும் பிடிக்கிறது, களையோட தலையைக் கிள்ளிட்டு வேரை விட்ட கதை.

வீட்டுல வெச்சு மாட்டறதுல உசுருக்கே ஆபத்து இருக்கு. காரை வண்டியோட வந்த ஜாக்கியில தூக்கி, அணைக்கு ரெண்டு ஹாலோ பிளாக் கல்லை வெச்சுட்டு அடியில படுக்கறாங்க. ஹாலோ பிளாக் ஒரு பக்கம் பாரம் ஏறினா சொல்லாம கொள்ளாம நொறுங்கும். ஜாக்கி டயர் மாத்தறதுக்குத்தான், அடியில படுக்கறதுக்கு இல்ல. துருப்பிடிச்ச போல்ட் வரலைன்னு, பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்துலயே கிரைண்டர் போட்டு அறுக்கறாங்க. பொறி பறக்குது. மாட்டி முடிச்ச ஜாயிண்ட்ல கேஸ்கெட் சரியா உக்காரலைன்னா புகை காருக்குள்ள வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசமும் இல்ல. தலை வலிக்கும், தூக்கம் வரும், அப்புறம் எந்திரிக்க முடியாது. பொண்டாட்டி புள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போற வண்டி அது.

"உங்க காலத்து ஆர்எக்ஸ் 100 சத்தம் போடலையா? கோயில் ஸ்பீக்கர் சத்தம் போடலையா?"ன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்வி, பதில் சொல்றேன். ஆர்எக்ஸ் 100 சத்தம் கம்பெனி சைலன்சரோட வந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின் சத்தம். ஊருக்கு ஒண்ணு ரெண்டுதான் இருந்துச்சு. கோயில் ஸ்பீக்கர் அளவு மீறினா அதுவும் தப்புதான், அதுக்கும் இதே சட்டம்தான். நோம்பி பத்து நாள்ல முடிஞ்சுரும். ஊரே கூடி, ஊருக்காகச் செய்யறது. உன் குழாய் யாருக்காகக் கத்துது?

பெத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்டை வித்து, பால் காசு சேர்த்து வண்டி வாங்கிக் கொடுத்தீங்க. கொடுங்க, பையன் சந்தோசமா இருக்கட்டும். குழாய்க்குக் காசு கேட்டா மட்டும் இல்லைன்னு சொல்லுங்க. மாத்தினதைச் சொல்லாம விட்டா இன்சூரன்ஸ்காரன் நாளைக்குக் கிளைம் மறுக்க நாமளே வழி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆகும். அந்த நஷ்டம் உங்க தலையிலதான் விழும்.

அடுத்து வர்ற கிராமசபையில இதை ஒரு தீர்மானமாக் கொண்டு வரணும்னு கேக்கப் போறேன். ரெண்டே விஷயம்தான். கழட்டின சைலன்சரை ஒரு மாசத்துக்குள்ள அவங்கவங்களே திருப்பி மாட்டிக்கணும். மாட்டாதவங்க வண்டி நம்பரை ஊராட்சி மூலமா ஸ்டேஷனுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் எழுதிக் கொடுக்கணும். யாரையும் அடிக்க வேண்டாம், வண்டியை உடைக்க வேண்டாம். நம்ம புள்ளைங்கதான். பழைய சைலன்சர் எப்படியும் அவங்கவங்க வீட்டு மூலையிலதான் கிடக்கு. எடுத்துத் துடைச்சு மாட்டினா அரை நாள் வேலை. கூட ஆள் வேணும்னா சொல்லுங்க, ஸ்பேனரோட நானே வர்றேன்.