சிஸ்டத்தை மாற்றச் சொல்வதற்கு முன்

ராஜபாளையத்து நூற்பாலைக் கணக்கறையிலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக் கூடத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையின் பில் மேஜையிலும் கணினி என்பது தறியைப் போல ஒரு கருவி. ஓடும்வரை ஓட்டுவார்கள். விண்டோஸ் 7 போட்ட அப்படியொரு பெட்டியில் பில் மென்பொருளின் புதிய பதிப்பு திறக்க மறுத்தால், "சிஸ்டத்தை மாத்திடுங்க சார்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

பல சமயம் கோளாறு அந்தப் பெட்டியில் இல்லை. மென்பொருளை கம்பைல் செய்த, அதாவது நிரலை ஓடும் கோப்பாக மாற்றிய இடத்தில் இருக்கிறது.

2012-இல் நடந்ததைப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ 2012-இல் கம்பைல் செய்த சி++ மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடவில்லை. இது முறையான வின்32 மென்பொருளே அல்ல என்று பிழைச் செய்தி வந்தது. நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது. கோப்பின் தலைப்பகுதியில் 5.01 என்று இருக்க வேண்டிய எண் 6.00 ஆகியிருக்கும்; கூடவே வரும் நூலகம், எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவில் அறிமுகமான வசதிகளைத் தேடும். எக்ஸ்பிக்கான ஆதரவோ 2014 ஏப்ரல் வரை இருந்தது. நிரலாளர்கள் விடவில்லை. வெளியீட்டுக்கு முன்பே எதிர்ப்பு கிளம்ப, அந்த நவம்பரில் வந்த முதல் அப்டேட்டில் எக்ஸ்பிக்காக கம்பைல் செய்யும் வசதி கிடைத்தது. கேட்டதால் கிடைத்தது.

லினக்ஸிலும் இதே கதைதான். உபுண்டு 22.04-இல் கம்பைல் செய்தது 18.04-இல் தடுமாறும்; அடிப்படை சி நூலகம் அங்கே பழசு. பழையதில் கம்பைல் செய்தால் பெரும்பாலும் இரண்டிலும் ஓடும்.

எக்காலமும் பழையதைச் சுமக்க முடியாது என்பது நியாயம். விண்டோஸ் 7-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றது. கோ (Go) நிரல்மொழியின் 2023 ஆகஸ்டில் வந்த 1.21 பதிப்பு அதைக் கைவிட்டது. இணையத்தில் இணைந்த பழைய கணினி ஆபத்தானதும்கூட. ஆனால் சொல்லாமல் கைவிடுவது வேறு. ஆண்டுச் சந்தா வாங்கிய பிறகு, ஒரு அப்டேட்டால் வேலை நாளில் கடையின் பில்லை நிறுத்துவது அநியாயம்.

ராஜபாளையத்துக்கு மென்பொருள் புதிதல்ல. இங்கே வேர்விட்ட ராம்கோ குழுமம் 1990-களிலேயே மார்ஷல் என்ற ஈஆர்பி மென்பொருளை விற்றது. ஆகவே இவ்வூர் வியாபாரிகள் தயங்காமல் கேட்கலாம்: எந்தப் பதிப்பு முதல் ஓடும் என்று விலைப்பட்டியலிலேயே எழுத வேண்டும்; ஆதரவை நிறுத்துவதாக இருந்தால் ஓராண்டுக்கு முன்பே சொல்ல வேண்டும்; கடைசியாக ஓடிய பதிப்பைத் தரவிறக்கத்தில் விட்டுவைக்க வேண்டும். அரசு அலுவலகங்களுக்கு மென்பொருள் வாங்கும் டெண்டர்களிலும் இந்த மூன்றும் நிபந்தனையாக வேண்டும்.