மணலின் செலவு யார் கணக்கில்?

வங்கக் கடலோரத்தில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் ஒரு பங்கு தெற்கே திரும்பும். ஆண்டு முழுக்கக் கூட்டிக் கழித்தால் வடக்கே போனதே அதிகம். குறுக்கே கல்லைக் கொட்டினால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கடல் நிலத்தைத் தின்னும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோது மெரினா அகன்றது. ராயபுரம் பக்கம் கரை தேய்ந்தது.

இது தெரிந்திருந்தும் 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினோம். தெற்கே தேங்கும் மணலை அள்ளி வடக்கே சேர்க்கும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. அந்த வேலைதான் ஒழுங்காக நடக்கவில்லை. நகரத்தின் மணற்கரை மறைந்தது. கருங்கல் கொட்டி நகரத்தைக் காத்தார்கள். அரிப்பு மாநில எல்லையைத் தாண்டி விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது. சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இருந்த இடம் கடலுக்குள் போயிற்று. துறைமுகம் ஓர் அரசுடையது, இழப்பு இன்னோர் அரசின் மக்களுக்கு. அவர்கள் யாரிடம் போய் நிற்பது? கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவு கேட்டார்கள். வாசலுக்குக் கடல் வந்துவிட்டவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு தூண்டில் வளைவும் அடுத்த ஊருக்குப் போகவேண்டிய மணலைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

1991 முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன. கட்டுமானம் கூடாத பகுதி 2011இல் ஊர்ப்புறங்களில் 200 மீட்டர். 2019இல் மக்கள் நெருக்கமான ஊர்களுக்கு 50 மீட்டராகச் சுருங்கியது. இந்தத் தளர்வு தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. கடலிலிருந்து நிலத்தை நோக்கி அளக்கும் விதிகளுக்கு, கரையோரமாக ஊர்விட்டு ஊர் போகும் சேதத்தின் மீது வலுவான பிடி இல்லை.

மணல் கிடைத்தால் கரை மீளும். 2018-19இல் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலடியில் எஃகுத் தடுப்பை இறக்கி, தூர்வாரிய மணலையும் கொட்டிய பிறகு கரை திரும்பியது. ஆகவே மணலை இடம்மாற்றும் செலவை ஒவ்வொரு துறைமுகமும் தன் அன்றாட இயக்கச் செலவாகவே ஏற்க வேண்டும், கப்பல் கட்டணத்தில் சேர்த்தே வசூலிக்கட்டும். வெள்ள நிவாரணம்போல வீடு விழுந்தபின் நீட்டும் பணமாக அது இருக்கக் கூடாது. புதுச்சேரியும் தமிழகமும் இந்தக் கரைக்கு ஒரே மணல் கணக்கை எழுதவேண்டும்.

எல்லா இடத்துக்கும் இது மருந்தாகாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு வடக்கே பழவேற்காடு ஏரி. கடலையும் ஏரியையும் பிரிப்பது மெல்லிய மணல்திட்டு. பாடு முறை வைத்து, முறைபோட்டு இறால் பிடிக்கும் குடும்பங்களின் பிழைப்பு அந்த ஏரியின் உவர்ப்பையும் முகத்துவாரத்தையும் நம்பியிருக்கிறது. திட்டு உடைந்தால் மணல் கொட்டி அதை மீட்க முடியும் என்று எந்தப் பொறியாளரும் உறுதி தர முடியாது. அங்கே விரிவாக்கம் கூடாது.