ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூலுருண்டையும்



பட்டணத்தில் ஒரே அறையில் குடியிருக்கிறவர்களுக்கு ஓய்வு கிடைக்கிற விதமே வேறு. தண்ணீர் வருகிற நேரம் ஒன்று, பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுகிற நேரம் ஒன்று, இரவு வேலை முடித்து வந்த கணவர் உறங்குகிற நேரம் ஒன்று. அவர் உறங்கும்போது மிக்சியை ஓட்ட முடியாது. தையல் இயந்திரத்தை மிதிக்க முடியாது. வாசலில் நின்று அடுத்த வீட்டுச் சகோதரியோடு நாலு வார்த்தை பேசவும் முடியாது. இப்படி 20 நிமிடமும் 30 நிமிடமுமாகத் துண்டு துண்டாகக் கிடைக்கிற நேரத்தில் சத்தமில்லாமல் என்ன செய்யலாம் என்று மும்பையிலிருந்து ஒரு சகோதரி கேட்டு எழுதியிருந்தார். சிறுவயதில் பெரியம்மா குரோஷா பின்னுவதைப் பார்த்த ஞாபகம் இருப்பதாகவும், அதை இப்பொழுது கற்றுக்கொள்ள விரும்புவதாகவும் குறிப்பிட்டிருந்தார். கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில் இன்னொரு கேள்வி: "இதனால் வருமானம் ஏதாவது வருமா?"

முதல் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன். இரண்டாவதற்குச் சற்று யோசித்துத்தான் சொல்லவேண்டும்.

துண்டு நேரத்துக்கென்றே செய்த கலை போன்றது குரோஷா. காரணம் எளிது. கம்பளிச் சட்டை பின்னுகிறவர்கள் இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு, ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளையும் ஊசியிலேயே தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஊசி ஒன்று உருவிக்கொண்டால் அத்தனை கண்ணிகளும் திறந்து நிற்கும். குரோஷாவில் பெரும்பாலும் எந்த நேரத்திலும் ஊசியில் தங்கி நிற்பது ஒரே ஒரு கண்ணிதான். குழந்தை அழுதால் அந்த ஒரு கண்ணியைச் சற்றுப் பெரிதாக இழுத்துவிட்டு எழுந்து போகலாம். மாலையில் வந்து, விட்ட இடத்திலேயே தொடரலாம். தவறு நேர்ந்தாலும் கத்தரிக்கோல் வேண்டாம். நூலைப் பிடித்து இழுத்தால் தவறு நடந்த இடம் வரைக்கும் அமைதியாகப் பிரிந்து வரும். நூல் வீணாவதில்லை. சமையலில் உப்பு கூடினால் இந்த வசதி கிடையாது அல்லவா?

இடமும் அதிகம் கேட்காது. ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் முழுத் தொழிற்சாலையும் அடங்கிவிடும். லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயும் செய்யலாம். நெரிசலில் வேண்டாம், கொக்கி அடுத்தவர் சேலையில் மாட்டிக்கொள்ளும்.

கடைக்குப் போகும்போது ஒரு சிறு குறிப்பு. பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கி என்று பொருள்படும் சொல்லே குரோஷே. நம் ஊரில் அது குரோஷா ஆயிற்று. இந்தி பேசுகிற கடைக்காரரிடம் "குரோஷியா" என்று கேளுங்கள். உடனே எடுத்துத் தருவார். ஆரம்பத்திலேயே மெல்லிய வெள்ளைப் பருத்தி நூலையும் ஒரு மில்லிமீட்டர் எஃகு ஊசியையும் வாங்கிவிடாதீர்கள். பெரியம்மா அதில்தான் செய்தார் என்பது உண்மையே. ஆனால் அவர் பத்து வருடம் பழகியபின் செய்ததைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். 4 மில்லிமீட்டர் ஊசியும், வெளிர் நிறத்தில் நடுத்தரப் பருமனுள்ள கம்பளி அல்லது அக்ரிலிக் நூலும் போதும். கறுப்பு நூலில் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாது. அதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

முதல் வாரம் சங்கிலி மட்டும் போடுங்கள். கண்ணிக்குள் நூலை இழுப்பது, மறுபடியும் இழுப்பது, அவ்வளவுதான். கண்ணிகள் ஒரே அளவில் வரத் தொடங்கும் நாளில் விரல்கள் நூலின் இறுக்கத்தைத் தாமாகவே கற்றுக்கொண்டுவிட்டன என்று அறியலாம். இரண்டாம் வாரம் அந்தச் சங்கிலியின்மேல் போய்த் திரும்பி வந்து ஒரு சதுரம் செய்து பாருங்கள். அநேகருக்கு அது சதுரமாக வராமல் முக்கோணமாகக் குறுகிக்கொண்டே போகும். கை சரியில்லை என்று நொந்துகொள்ள வேண்டாம். வரிசையின் கடைசிக் கண்ணியை ஒவ்வொரு முறையும் தவறவிடுகிறீர்கள், அவ்வளவே. வரிசைதோறும் எண்ணுங்கள்.

வட்டம் செய்வதிலே இன்னும் அழகான ஒரு கணக்கு இருக்கிறது. குட்டையான எளிய தையலில் முதல் சுற்றில் 6 கண்ணிகள் போட்டால் இரண்டாம் சுற்றில் 12, மூன்றாம் சுற்றில் 18, நான்காவதில் 24 என்று சுற்றுக்கு 6 வீதம் கூட்டவேண்டும். அப்பொழுதுதான் வட்டம் தட்டையாகப் படியும். குறைவாகக் கூட்டினால் ஓரம் மேலே எழும்பிக் கிண்ணமாகிவிடும். குழந்தைக்குத் தொப்பி செய்கிறவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள். அதிகமாகக் கூட்டினால் ஓரமெல்லாம் சுருண்டு நெளியும். நான் செய்த முதல் மேஜை விரிப்பு முட்டைக்கோஸ் போல இருந்தது. இஸ்திரி போட்டால் படிந்துவிடும் என்று நம்பி இரண்டு நாள் போராடினேன். கணக்கில் உள்ள பிழை இஸ்திரியில் தீராது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

புத்தகம் பார்த்துச் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் அச்சான மாதிரிகளில் ஒற்றைத் தையல் என்று சொல்லப்படுவதையே இங்கிலாந்துப் புத்தகங்கள் இரட்டைத் தையல் என்கின்றன. எந்த நாட்டு முறை என்று முதல் பக்கத்தில் பார்த்துக்கொள்ளாவிட்டால், விரிப்பு கைக்குட்டையாகும் அல்லது கைக்குட்டை விரிப்பாகும்.

என்ன செய்யலாம் என்கிறீர்களா? ஒரு காலத்தில் நம் வீடுகளில் வானொலிப் பெட்டிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் குரோஷா உறை போடுவது வழக்கம். இன்றைய தொலைக்காட்சி சுவரில் தொங்குகிறது. உறை விரிக்க அதற்குத் தலையே இல்லை. ஆனால் தண்ணீர்ச் செம்பின்மேல் போடுகிற, ஓரத்தில் மணி கோத்த வலை மூடிக்கு இன்னும் உபயோகம் இருக்கிறது. பாத்திரம் துடைக்கும் பருத்தித் துண்டு, கைப்பேசிப் பை, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொப்பி ஆகியவை ஒரு வாரத்தில் முடியக்கூடியவை. முதல் வருடத்தில் கட்டில் விரிப்பைத் தொடங்க வேண்டாம். பாதியில் நின்ற கட்டில் விரிப்பு எத்தனை அலமாரிகளில் உறங்குகிறதோ!

உடம்பையும் கவனியுங்கள். ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில் உட்காருங்கள். கழுத்தைக் குனிந்து நூலைத் தேடிப் போகாமல், மடியில் ஒரு தலையணை வைத்து வேலையை உயர்த்திக்கொள்ளுங்கள். அரைமணிக்கு ஒருமுறை விரல்களை விரித்து மடக்குங்கள். மணிக்கட்டில் வலியோ விரல்களில் மரத்துப்போதலோ இருந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசியைத் தவழும் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

இந்தக் கலை பசியை ஆற்றினதுண்டு. 1845-ல் தொடங்கி அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து கொடும்பஞ்சம் வந்தபோது, கன்னியர் மடங்களில் குரோஷா கற்றுக்கொண்ட பெண்கள் அதை விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். நம்முடைய நாகர்கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1820-களில், அது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாட்களில், மார்த்தா மால்ட் அம்மையார் அங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது கொக்கி ஊசியால் செய்வதன்று; திண்டின்மேல் சிறு மரக்குச்சிகளில் நூலைச் சுற்றிப் பின்னுவது. ஆனாலும் நூலைக் கொண்டு பெண்கள் சம்பாதித்த கதை அதுவே. அடிமைகளாயிருந்த பெண்களில் சிலர் அந்த வருமானத்தைக் கொண்டு தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினார்கள். அம்மையாரின் மகள் எலிசா, கால்டுவெல் ஐயருக்கு வாழ்க்கைப்பட்டு இடையன்குடிக்கு வந்தபோது அந்த லேஸ் வேலையும் அவரோடு அங்கே வந்து சேர்ந்தது. தென்கோடியிலிருந்து வந்த வாசகர்கள் சிலருடைய பாட்டிமாருக்கு இது சொந்தக் கதையாகவே இருக்கலாம்.

ஆந்திராவில் மேற்குக் கோதாவரி மாவட்டத்து நர்சாபூரின் கதை வேறுவிதமானது. அங்கேயும் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாகவே லேஸ் வேலை வந்தது. அங்கே நிலைபெற்றது குரோஷா. ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்தே பின்ன, அது வெளிநாடுகளுக்குப் போயிற்று. 2024-ல் நர்சாபூர் குரோஷா லேசுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கேட்கப் பெருமைதான். ஆனால் மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அவ்வூரில் தங்கிப் பார்த்து 1982-ல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு நாளெல்லாம் பின்னிய பெண்களுக்குக் கிடைத்த கூலி, வயலில் இறங்கி வேலை செய்த பெண்களின் கூலியைவிடக் குறைவாக இருந்ததை அவர் கண்டார். ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள். இன்னொருத்தி அவற்றை இணைப்பாள். முழு விரிப்பு எப்படி இருக்கும் என்று பூவைப் பின்னினவளுக்குத் தெரியாது, அது எந்த விலைக்குப் போயிற்று என்பதும் தெரியாது. அவர்களை யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்றே சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையினால் கூலி குறைந்தது.

சகோதரியே, உங்கள் கேள்வியை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். பொழுதுபோக்கு என்று நீங்களே சொல்லிக்கொள்ளும்போது அது இன்பமான சொல். உங்களிடம் வேலை வாங்குகிறவர் அப்படிச் சொன்னால், அவர் பணப்பையை இறுக்கிக் கட்டுகிறார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறு மேஜை விரிப்புக்கு 50 ரூபாய் நூல், 12 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். அதை ஒருவர் 150 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார். கையில் 150 ரூபாய் வந்தது என்றுதான் மனம் சொல்லும். நூலைக் கழித்தால் 100. மணிக்கு எட்டு ரூபாய்க்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இன்னொன்று: வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று சுவரொட்டியிலும் கைப்பேசியிலும் வருகிற அழைப்புகளில், நூலுக்கு முன்பணம் கட்டு என்று யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எனக்கு அறிமுகமான ஒருவர் அப்படிப் பணம் கட்டினார். பின்னிக் கொடுத்ததையெல்லாம் தரம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள், முன்பணம் திரும்பவில்லை. அந்தப் பையை அவர் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். பணம் போனதைவிட, அதன்பின் அவர் ஊசியைத் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆகையால் ஒரு வருடம் விலையே பேசாமல் செய்யுங்கள் என்பது என் ஆலோசனை. கஷ்டம் அதிகமாயிருந்து பணம் அவசியப்படுகிற வீடு என்றால், அப்பொழுதும் குரோஷாவை நம்பாமல் மணிக்கு நியாயமான கூலி தருகிற வேறொரு வேலையைத் தேடுங்கள். குரோஷா களைப்பாற்றிக்கொள்ள இருக்கட்டும். கை தேர்ந்தபின் விற்க விரும்பினால், உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கே முழுப் பொருளாக, நீங்கள் சொன்ன விலைக்கு விற்றுப் பாருங்கள். அதற்கு முன்பே ஒரு சிறு நோட்டு வைத்து, எந்தப் பொருளுக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு நூல் என்று எழுதி வாருங்கள்.

கொடுப்பதற்கென்று செய்வது தனி இன்பம். யோப்பா பட்டணத்துத் தொற்காள் செய்து கொடுத்த உடைகளை அவளுடைய மரணத்தின்போது விதவைகள் எடுத்துக் காண்பித்ததாக அப்போஸ்தலருடைய நடபடிகளில் வாசிக்கிறோம். அவள் கைவேலையைப் பற்றிப் பேசினவர்கள் அதைப் பெற்றுக்கொண்டவர்களே. கூடிச் செய்வதும் இன்பமே. 2016 ஜனவரியில் சென்னையில், பல ஊர்ப் பெண்கள் தங்கள் தங்கள் வீடுகளில் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்து 11,000 சதுர மீட்டருக்கும் அதிகமான குரோஷா போர்வையை விரித்து, கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றார்கள். உங்கள் குடியிருப்பில் நான்கு பேர் சேர்ந்தால் குளிர்காலத்துக்குள் ஒரு போர்வை முடியும். ஆளுக்கு எத்தனை சதுரம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே அளவு ஊசியை உபயோகியுங்கள். இல்லாவிட்டால் இணைக்கிற நாளில் சதுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது, அதன்பின் சிநேகிதமும் பொருந்தாது.

ஊசியும் நூலும் இந்த வாரமே வாங்குங்கள். அவர் உறங்கி எழுவதற்குள் ஒரு சங்கிலியும் இரண்டு வரிசையும் முடியும். முதல் துண்டு கோணலாகத்தான் இருக்கும். அதை மட்டும் பிரித்துவிடாமல், தேதி எழுதின ஒரு சிறு காகிதத்தை மூலையில் குத்தி எடுத்து வையுங்கள். மூன்று மாதம் சென்றபின் அன்றைக்குப் பின்னினதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அந்தச் சிறு நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.